மினிட்ஸில் ஏறாத வாக்கு

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் பாதிச் சாப்பாட்டில் நான் எழுந்து கை கழுவப் போனதற்குக் காரணம், நீ நினைத்த மாதிரி, சர்க்கரை குறைந்து தலை சுற்றியது இல்லை. உன் மனைவி பாவம், பதறிப்போய் வெல்லக்கட்டியோடு பின்னாலேயே ஓடிவந்தாள். நீ ஒரு பெயரைச் சொன்னாய். சொன்னதோடு நிற்காமல், "ரொம்பத் தன்மையான மனுஷன்மா, இவ்ளோ அனுபவம் இருந்தும் பந்தாவே இல்ல" என்றும் சொன்னாய். என் வீட்டில், நான் வடித்த சோற்றைப் பிசைந்துகொண்டு, என் மகன் வாயால் அந்த ஆளுக்கு ஒரு நற்சான்று. அதைக் கேட்டபின் ஒரு கவளம்கூட எனக்கு உள்ளே இறங்கவில்லை. நேரில் சொன்னால் கத்திவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன், இரண்டிலும் நீ விஷயத்தை விட்டுவிட்டு என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். வியாழக்கிழமை அடுத்த அமர்வு என்றாய். அதற்குள் இதை நீ படித்து முடிக்க வேண்டும்.

அவர் பெயரை இந்தக் காகிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை. மேனேஜர் என்றே சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் காயில் சுற்றும் கம்பெனியில் நான் வேலை பார்த்த நாளில் அவர்தான் பர்சனல் மேனேஜர். இப்போது ஓய்வு பெற்றபின் அதே கம்பெனிக்கு ஆலோசகர் என்று வந்து உன் முன்னால் உட்காருகிறார். நீ தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியாகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் கம்பெனி, எதிர்ப்பக்கம் சங்கம், நடுவில் அரசாங்கத்தின் நாற்காலியில் நீ. அந்தக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்திய பன்னிரண்டு கான்ட்ராக்ட் பெண்களின் விவகாரம்தான் உன் கைக்கு வந்த முதல் பெரிய வழக்கு. முதல் அமர்வு முடிந்ததும் அவர் உன்னை வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். அங்கே அவர் சொன்னதை நீ எங்களுக்கு அப்படியே ஒப்பித்தாய்: "உங்க அம்மாவை எனக்கு நல்லாத் தெரியும் தம்பி. அந்தக் காலத்துல எல்லாத்தையும் நாங்க இப்படி டீ குடிச்சுக்கிட்டே முடிச்சிருவோம். ஆட்சி இப்பத்தான் மாறியிருக்கு. புது மந்திரி வந்து உக்காரட்டும், நல்ல சேதி அவர் வாயால வரட்டும். இப்பவே எழுத்துல போட்டு எல்லாரும் இறுகிக்க வேணாம்." இதைச் சொல்லிவிட்டு, "பிராக்டிகலான ஆளுமா" என்றாய். பிரபு, அந்த வார்த்தைகளை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய அதே வார்த்தைகள், அதே வராண்டா. அவருக்குப் புதிதாக ஒன்றை யோசிக்கும் சிரமம்கூட இல்லை, அம்மாவுக்குச் சுற்றிய பூவையே எடுத்து மகன் காதிலும் சுற்றுகிறார்.

நீ அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் கம்பெனியில் ஒரு லைனுக்கு முப்பது பெண்கள், மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுவோம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேசையில் இருக்கும் டப்பாவிலிருந்து டோக்கன் எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது பேருக்கு இரண்டே டோக்கன். போனவள் திரும்பி வந்து டோக்கனைப் போட்டால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டோம். மாதத்தில் அந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீயும் இப்போது ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவன். ஒருநாள் காலையில் என் லைனைச் சேர்ந்த ஆறு பெண்கள் டப்பாவோடு டோக்கன்களை எடுத்துக்கொண்டுபோய் மேனேஜர் மேசையில் வைத்தார்கள். "சார், இனிமே இது உங்க கிட்டயே இருக்கட்டும்" என்று சொன்னவள் நூர்ஜஹான். பூந்தமல்லிக்காரி. நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள். ஆறு பேரையும் அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். ஒரு மாதத்தில் வேலை நீக்க உத்தரவு வந்தது.

நான் அப்போது சங்கத்தின் பெண்கள் பிரிவுச் செயலாளர். வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்தோம். தொழிலாளர் துறை அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர், அதை மறைக்கக் கூடாது. மூன்று அமர்வு நடந்தது, கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. ஓட்டு எண்ணும்வரை எதுவும் முடிவாகாது என்றார்கள். எண்ணி முடித்ததும் ஆட்சி மாறியது. நாங்கள் எல்லோரும் பட்டாசு வெடித்தோம், நம்ம ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று. மேனேஜர் மட்டும் பதற்றமே இல்லாமல் இருந்தார். நாலாவது அமர்வின் இடைவேளையில் என்னை வராண்டாவுக்குக் கூப்பிட்டு டீயை என் கையில் கொடுத்தார். "ஆறு பேரையும் திரும்ப எடுத்துக்கறோம்மா, டோக்கனையும் எடுத்துடறோம். ஆனா இதை இன்னிக்கு மினிட்ஸ்ல எழுதிட்டா பழைய ஆட்சியில இருந்த ஆபீசர் சாதிச்சதா ஆயிடும். புது மந்திரி வந்து அறிவிச்சா அவருக்கும் பேரு, உங்க சங்கத்துக்கும் பேரு. நீங்க நல்லெண்ணமா நோட்டீஸை மட்டும் வாபஸ் வாங்கிக்கங்க" என்றார்.

எனக்கு அது பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. அதுதான் நான் செய்த தப்பு. நம்ம மந்திரி பதவியேற்றதும் கையில் கொடுக்க ஒரு நல்ல சேதி வைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒரு வேலை முடிந்துவிட்டது என்றால் அதை உடனே வாங்கிப் பத்திரப்படுத்தாமல், பெரிய மனிதர் கையால் வாங்கினால்தான் மதிப்பு என்று காத்திருக்கும் புத்தி நமக்கு. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். மினிட்ஸ் என்கிற அந்த அமர்வுக் குறிப்பில் இரண்டே வரி. சங்கம் தன் நோட்டீஸைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இரு தரப்புக்கும் இடையில் வேறு எதுவும் நிலுவையில் இல்லை. அந்த இரண்டாவது வரியை நான் படித்தேன் பிரபு. படிக்காமல் போடவில்லை. படித்துவிட்டு, அவர் கண்ணைப் பார்த்தேன், அவர் தலையை லேசாக ஆட்டினார், நான் போட்டேன்.

இரண்டே வாரத்தில் அந்த அதிகாரியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்சி மாறினால் நடக்கிற மாற்றம்தான், யாரும் சதி செய்யவில்லை. நாங்கள் பொன்னாடை வாங்கிக்கொண்டு மந்திரியைப் பார்க்கப் போனோம். கூட்டத்தில் மூன்று மணி நேரம் நின்று, என் கையாலேயே போர்த்திவிட்டு, "ஐயா, அந்த ஆறு பேர் விஷயம்" என்றேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரும் அவரிடம் சொல்லவே இல்லை. உதவியாளர் பக்கம் கையைக் காட்டிவிட்டு அடுத்த பொன்னாடைக்குக் குனிந்தார். மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் மினிட்ஸின் நகலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்து, என் கையெழுத்துக்கு மேலே இருந்த வரியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்களேம்மா, ஒண்ணும் நிலுவையில இல்லன்னு" என்றார். அப்போது குரலை உயர்த்தவே இல்லை. அதைத்தான் நீ தன்மை என்று சொல்கிறாய்.

அன்று சாயங்காலம் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் ஆறு பேரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். நூர்ஜஹான் கேட்டாள், "இன்னாடி, வாயால சொன்னான்னு நம்பிகினு வந்துட்டியா? எங்க ஆறு பேரு பொயப்பும் ஒனக்கு டீ கிளாசு மாரி பூட்ச்சா?" அதுதான் அவள் என்னை வா, போ என்று பேசிய கடைசி நாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏமாந்தவள் என்று தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ளலாம். முடியவில்லை. அடுத்த மாதம் மேனேஜர் என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உன்னை நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று மனதுக்குள் சாக்கு சொல்லிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். அவர் எதற்குக் கொடுத்தார் என்று முதல் நாளே புரிந்தது. நான் விலை போய்விட்டேன் என்று வெளியே இருந்த ஆறு பேரும், உள்ளே இருந்த அத்தனை பேரும் நினைக்க வேண்டும், அவ்வளவுதான். சங்கம் அதோடு படுத்துவிட்டது. நான் உட்கார்ந்த மேசையில்தான் அந்த டோக்கன் டப்பா இருந்தது. பதினோரு வருஷம் அதை நான்தான் காவல் காத்தேன். ஒரு தடவை, புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி வந்து நின்றாள், முகமெல்லாம் வியர்த்திருந்தது. டப்பாவில் டோக்கன் இல்லை. "போனவ வரட்டும்" என்றேன். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். எழுந்தபோது யூனிஃபார்ம் நீலக் கோட்டின் பின்பக்கம் முழுவதும் கறை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார், அவளை அல்ல, என்னை. நான் பார்க்காதது போல ரிஜிஸ்டரில் குனிந்துகொண்டேன். அந்தப் பெண் அடுத்த நாள் வரவில்லை.

உன் அப்பாவிடம் இதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன். ராணுவ டாங்கி ஃபேக்டரியில் முப்பது வருஷம் தன் வேலையைப் பார்த்துவிட்டுப் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நடக்கப் போகிற மனிதர் அவர். "விட்டுத் தொலை, அவனுக்கும் வயசாயிடுச்சு" என்பார். வயசானால் என்ன? எனக்கும்தான் வயசாகிறது. என் கோபத்துக்கு வயசாகவில்லை. அவர் கீழே விழுந்து கிடப்பதாகவும், எழுந்து போக என்னிடம் டோக்கன் கேட்பதாகவும், போனவர் வரட்டும் என்று நான் சொல்வதாகவும் எத்தனை நாள் நினைத்துப் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன் தெரியுமா? ஒரு தாய் மகனுக்கு எழுதக்கூடாத வரி இது. எழுதுகிறேன், ஏனென்றால் அது உண்மை. அவர் நாசமாகப் போக வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. சாமி ஒன்றும் செய்யவில்லை. உன்னை அந்த நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பிப் போனதும் என் மனதில் முதலில் வந்தது இதுதான்: கம்பெனிக்கு எதிராக எழுதச் சொல்லலாம், அந்த ஆளை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தச் சொல்லலாம், என் மகன் செய்வான். ஒரு நாள் முழுக்க அந்த நினைப்பில் சந்தோஷமாக இருந்தேன். பிறகுதான் புரிந்தது, அப்படிச் செய்தால் அவருக்கு நல்லதாகப் போய்விடும். அதிகாரி பாரபட்சம் என்று கோர்ட்டுக்குப் போவார், பன்னிரண்டு பெண்களும் இன்னும் பத்து வருஷம் அலைவார்கள். அவரை வேறு மாதிரிதான் அடிக்க வேண்டும். பேச விடு. நன்றாகப் பேச விடு. ஆனால் வராண்டாவில் இல்லை, மேசையில். டீயை உள்ளேயே வரவழை. அவர் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும் எழுத வை, எழுதியதை உரக்கப் படிக்க வை, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போ. சங்கத்துக்காரர்கள் சொல்வதையும் அப்படியே செய், அவர்களும் மந்திரியைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று கிளம்புவார்கள், விடாதே. கம்பெனி தன் கஷ்டத்தைச் சொன்னால் அதையும் விட்டுவிடாமல் எழுது. எழுத்தில் ஏறாத ஒரு பேச்சும் அந்த அறையில் பேச்சில்லை என்று வைத்துக்கொள். வாழ்நாள் முழுக்கக் காற்றில் சொல்லியே பிழைத்த மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் யோசித்துப் பார். போன ஆட்சியில், உனக்கு முன்னால் இருந்த அதிகாரியிடம், இந்த மூன்று தரப்பும் எத்தனை தடவை உட்கார்ந்திருக்கும். இந்த ஆட்சியில் அதையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். மந்திரி மாறுவார், செயலாளர் மாறுவார், நாளைக்கு நீயும் மாறுவாய். மாறாமல் நிற்பது வேலை போன பெண்களும் அந்த ஃபைலும்தான். ஃபைலில் என்ன இருக்கிறதோ அதுதான் அடுத்து வருகிறவன் காதில் விழும். எங்களுக்காக அன்றைக்கு ஒரே ஒரு வரி அதில் இருந்திருந்தால், அந்த நல்ல அதிகாரி எந்த ஊருக்குப் போயிருந்தாலும் நூர்ஜஹான் லைனுக்குத் திரும்பி வந்திருப்பாள்.

கம்பெனியில் நடந்ததை எழுதிய பக்கங்களை மட்டும் நேற்று ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கரையான்சாவடிக்குப் போனேன். மற்றதெல்லாம் உனக்கு மட்டும். அங்கே ஒரு மருந்துக்கடைக்கு மாடியில் சங்க ஆபீஸ். உன் மேசையில் அந்தப் பன்னிரண்டு பெண்களுக்காக வந்து உட்காருகிற அம்மாள் யார் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வேலை போனபின் நூர்ஜஹான் வேறு எங்கும் காயில் சுற்றப் போகவில்லை, சங்கத்து வேலையையே எடுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்ததும், "வாங்க, ஒக்காருங்க. இன்னா விசயம்?" என்றாள். அந்த மரியாதை இத்தனை வருஷம் கழித்தும் என்னைச் சுட்டது. காகிதத்தைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் நிதானமாகப் படித்தாள்.

"ஒங்க பையன்னு எனக்கு மொத நாளே தெரியும்" என்றாள். "ஆபீசர மாத்துங்கன்னு அப்பவே எயுதிக் குடுத்திருப்பேன். சரி, எப்டி கீறான்னு பாப்பம்னு உட்டுட்டேன்."

"எப்படி இருந்தான்?" என்றேன்.

"அந்தாளு கூப்ட்டதும் டீ குடிக்கப் போனான்."

அவள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இத வியாயக்கெயமை அவரு மூஞ்சிக்கு நேரா மேசைல வெக்கிறேன். ஆனா இதுல நீங்க டோக்கன் டப்பா வெச்சிகினு ஒக்காந்திருந்தது, அந்தப் பொண்ணு மேட்டரு, எல்லாமே கீது. அத மட்டும் அடிச்சிரட்டா?"

"அடிக்காதே" என்றேன். எனக்கு வாய் தானாக வா, போ என்று வந்துவிட்டது.

"ஊரே படிக்கும். ஒங்க பையனுக்கும் அசிங்கம்."

"தெரியும். இருக்கட்டும்."

அவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். நான் எழுந்தேன். படி இறங்கிப் பஸ் ஏறினேன். நான் மன்னிப்புக் கேட்கப் போகவில்லை பிரபு, ஆயுதம் கொடுக்கப் போனேன்.

உனக்குச் சங்கடம் வரும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறேன். அதிகாரியின் அம்மாவே இந்த விவகாரத்தில் ஒரு தரப்பு என்று மேனேஜர் குதிப்பார். உன் மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்பார். நாலு மாத வேலையில் இந்த வழக்கை உன்னிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிடலாம். கொடுக்கட்டும். இன்னும் சொல்லப்போனால், அவர்கள் சொல்வதற்கு முன்னால், விலகிக்கொள்கிறேன் என்று நீயே எழுதிக் கொடுத்துவிடுவதுதான் உனக்கு மரியாதை. ஆனால் அது அமர்வு முடிந்த பிறகு. அந்த ஒரு காலை வேளைக்கு அந்த நாற்காலியில் நீ இருக்க வேண்டும். ஆறு பெண்களுக்கு வராண்டாவில் வாக்குக் கொடுத்தீர்களா, இல்லையா என்று அரசாங்கத்தின் குரலில் அவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஆமாம் என்றால் எழுது. இல்லை என்றாலும் எழுது, அந்தப் பொய்க்குக் கீழே அவர் கையெழுத்தை வாங்கு. பதில் சொல்ல மாட்டேன் என்றால், பதில் சொல்லவில்லை என்று எழுது. பதினேழு வருஷமாக நான் கேட்டது இவ்வளவுதான்.

காகிதம் மேசைக்கு வந்ததும், அப்புறம் பார்க்கலாம் என்று அதை ஓரமாக வைக்க உன் கை போகும். எனக்கு உன்னைத் தெரியும். வைக்காதே. என் அம்மாவின் கடிதம் என்றும் எழுதாதே. டோக்கன் டப்பாவைப் பதினோரு வருஷம் வைத்திருந்த சூப்பர்வைசரின் வாக்குமூலம் என்று எழுது. என் பெயரை முழுசாகப் போடு. அதை உரக்கப் படி, அந்தப் பெண்ணின் கோட்டுவரை படி, குரல் உடைந்தாலும் நிறுத்தாதே. படித்து முடித்ததும் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டு நூர்ஜஹானிடம் ஒரு நகல் கொடு. அவள் கேட்காவிட்டாலும் கொடு.

அம்மா